மூடி வைத்த ஒரு டம்ளர்

என் வாழ்நாளில் எனக்கு மருந்து கொடுத்தவர்கள் பலர். அவர்களுள் அம்மருந்தைத் தாமே முதலில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அதன் பிறகு என் கையில் தந்தவர் ஒருவர்தான். அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இரும்பு வார்க்கும் ஓர் ஆலையின் கேண்டீனில் சமையல் வேலை பார்த்த பெண்மணி. அவர் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆயினும் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு அவருடைய அனுமதி வேண்டும். அதைக் கேட்கும் தகுதியை நான் இழந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

அவர் குடிக்கும் விதம் தனியானது. டம்ளரை முகத்துக்கு மேலே உயர்த்தி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஒரே ஒரு மடக்கு ஊற்றிக்கொள்வார். விழுங்கியதும் சற்று நேரம் கண்ணை மூடி நிற்பார், தொண்டைக்குள் இறங்குவதைப் பின்தொடர்ந்து செல்பவர்போல. பிறகு கண்ணைத் திறந்து, "ம், புடிங்க" என்பார். எதிரில் நிற்பவர் எத்தனை அவசரத்தில் இருந்தாலும் இந்த வரிசை மாறாது. எல்லோருக்கும் ஊற்றி முடிந்ததும் பானையின் அடியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து, சிறு தட்டால் மூடி, சுவரோர அடுக்கில் வைப்பார். மறுநாள் காலை வரை அது அங்கேயே இருக்கும். "யாருக்குனா எதுனா ஆச்சின்னா, இன்னா குடுத்தேன்னு காட்டணும் இல்ல?" என்பது அவர் சொன்ன விளக்கம். மறுநாள் அதைக் கொல்லையிலிருந்த வாழைக்கன்றுக்கு ஊற்றிவிட்டு, அன்றைய டம்ளரைக் கழுவி எடுப்பார்.

அது 1991. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் அப்போது ஆலைகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றில் நான் பணியாளர் நல அலுவலராக இருந்தேன். முதுகலைப் பட்டம் பெற்றவன், முப்பத்தாறு வயது, மணமாகாதவன். ரயில்வே ஸ்டேஷனுக்கு அருகே ஓர் அறையில் தங்கி, ஓட்டலில் உண்டுவந்தேன். என் குடும்பத்தார் பிறர் வீட்டில் தண்ணீர் குடிப்பதற்கே யோசிப்பவர்கள். ஆலையில் எவரும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அதை நான் விரும்பியே ஏற்படுத்திக்கொண்டேன்.

அவரை முதன்முதலில் சந்தித்தது தடை விதிக்கப் போனபோது. மணலில் அச்சு எடுக்கும் மோல்டிங் பிரிவில் தூசு அதிகம். அங்குள்ளவர்கள் ஷிப்ட் தொடங்குமுன் கேண்டீன் சமையலறையில் கூடி ஏதோ கஷாயம் குடிக்கிறார்கள் என்று புகார் வந்தது. சென்று பார்த்தேன். சுக்கு, மிளகு, கற்பூரவல்லி, பனைவெல்லம் ஆகியவை ஒரு பெரிய பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தன.

"இது உணவுப் பட்டியலில் இல்லையே, அம்மா" என்றேன்.

"பட்டியல்ல இருமலு கூடத்தான் சார் இல்ல. அது வருதே" என்றார் அவர், கரண்டியை நிறுத்தாமல்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு இருமலும் வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மூணு நாளா கீது போல. ராத்திரி படுத்தா ஜாஸ்தி ஆவுதா?"

அவர் ஒரு டம்ளரில் ஊற்றி, அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்து, கண்ணை மூடி நின்று, என்னிடம் நீட்டினார். அத்தனை பேர் முன்னிலையில் வாங்கிக் குடிப்பது என் பதவிக்கு ஒவ்வாது என்று எண்ணினேன். "கம்பெனி எரிவாயுவில் இதைச் செய்யக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அவர் அந்த ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார். மறுநாள் கேண்டீனின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் மூன்று செங்கல் வைத்து, சுள்ளி பொறுக்கி, மண்பானையில் கஷாயம் வைத்தார். என் தடை அவருக்கு ஒரு தனிச் சமையலறையை உண்டாக்கிக் கொடுத்தது. பின்னாளில் அந்தக் கொட்டகையே எனக்கும் அடைக்கலமாகும் என்று அன்று நான் அறியவில்லை.

அலுவலர்களுக்குத் தனி உணவறை இருந்தது. எச்சில் தட்டுகள் மட்டும் பொதுவாக ஒரே தொட்டிக்குப் போகும். அவர் தட்டுகளைப் படிப்பார்; மிச்சத்தை வைத்தே எது யாருடையது என்று அறிவார். ஒருநாள் கேண்டீனைச் சோதிக்கச் சென்ற என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், ரெண்டு மாசமா கொழம்பத் தொட மாட்றீங்க. மோரு சோறு மட்டும் துன்னுட்டு எந்திரிச்சிர்றீங்க. வவுத்துல புண்ணு. டாக்டராண்ட காட்னீங்களா?"

காட்டியிருந்தேன். செங்கற்பட்டில் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"மாத்திரைய வுட்றாதீங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆனா மாத்திரை போட்டுகினு மேல ஓட்டல் காரத்தக் கொட்னா அது இன்னா பண்ணும் பாவம்? காலைல ஆறு மணிக்கு வாங்க. யாரும் இருக்க மாட்டாங்க."

'யாரும் இருக்க மாட்டாங்க' என்று நான் கேட்காமலே அவர் சேர்த்துச் சொன்னதை இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். என்னை அவர் ஒரே பார்வையில் படித்துவிட்டார்.

ஷிப்ட் மாற்றத்தைக் கண்காணிப்பதாகக் காரணம் சொல்லி, முதல் ஷிப்ட் பேருந்திலேயே ஆலைக்கு வரத் தொடங்கினேன். மற்றவர்கள் முன்கவுண்டரில் தேநீருக்கு நிற்கும்போது நான் பின்பக்கமாகக் கொட்டகைக்குச் செல்வேன். கவிழ்த்து வைத்த மரப்பெட்டி ஒன்று எனக்கு இருக்கை. முதலில் கஷாயம் ஒரு டம்ளர். அதன்பின் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது, குழைந்த புழுங்கலரிசிக் கஞ்சி, சில நாள் கேழ்வரகுக் கூழில் மோர். உப்பைக்கூட எண்ணிப் போடுபவர்போலப் போடுவார். கீரையிலும் முதல் கவளம் அவருடையது. உள்ளங்கையில் சிறிது எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ம், புடிங்க" என்பார்.

மருந்து கேட்டு வருபவரிடம் அவர் முதலில் கேட்பது, "நேத்து இன்னா துன்ன?" என்பதைத்தான். நோயைக் கேட்பது அதற்குப் பின்பே. ஃபிட்டர் ஒருவர் ஓ.டி. என்னும் கூடுதல் நேர வேலை செய்ய மனமின்றி, வயிற்று வலி என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு அவரிடம் வந்து நின்றார்.

"நேத்து இன்னா துன்ன?"

"ஒண்ணும் துன்னலக்கா."

"ஒண்ணும் துன்னாத வவுறு எப்டிப்பா வலிக்கும்? சரி, இரு." நிலவேம்பைக் கெட்டியாகக் காய்ச்சி இரண்டு டம்ளரில் ஊற்றினார். தமக்குரிய மடக்கை முகம் சுளிக்காமல் விழுங்கிவிட்டு, "நானே குட்ச்சிட்டேன். நீ ரெண்டையும் குடி" என்றார். ஃபிட்டர் முதல் டம்ளரின் பாதியிலேயே குணமாகி ஓ.டி.க்கு ஓடிவிட்டார். அந்த மாதம் முழுவதும் ஆலையில் எவருக்கும் வயிற்று வலி வரவில்லை.

ஆனால் கண் மஞ்சளாகி வந்த மற்றொருவருக்கு அவர் ஒன்றும் கொடுக்க மறுத்துவிட்டார். "இது என் கைக்கு அடங்காதுப்பா. ரத்தம் டெஸ்ட் பண்ணணும். இப்பவே போ" என்று சொல்லி, கேட் பாஸ் எழுத என்னிடமே அனுப்பினார். தயங்கியவரிடம் தாமும் உடன் வருவதாகக் கூறி, செங்கற்பட்டுப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார். என்னால் இயலாததை இயலாது என்று சொல்ல, படித்த எனக்கு இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது.

இந்த முதல் மடக்கின் பின்னணியை ஒருநாள் தாமாகவே சொன்னார். அவருடைய மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, பக்கத்து வீட்டார் சளிக்கென்று ஏதோ இலையை அரைத்துக் கொடுத்தார்களாம். இவர் வாங்கி அப்படியே புகட்டிவிட்டார். மூன்று நாள் குழந்தை கண் திறக்கவில்லை.

"பொழச்சிகிச்சி சார். இப்ப காஞ்சிவரத்துல ஆஸ்டல்ல ஒம்பதாவது படிக்கிது. ஆனா அன்னிக்கு ஒரு சொட்டு நான் நாக்குல வெச்சிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல? பெத்தவ நான், பாக்கல." அடுப்பின் சுள்ளியை உள்ளே தள்ளினார். "அந்தப் புள்ள படிச்சி முடிக்கிற வரிக்கும் இந்த வேல போதும் எனக்கு. அப்பறம் ஆண்டவன் விட்ட வழி."

கணவரைப் பற்றி ஒருமுறை மட்டும், "லாரில போனாரு, லாரி வந்துச்சு" என்றார்.

தொடக்க நாட்களில் நானும் டம்ளரை உயர்த்தித்தான் குடித்தேன். வீட்டுப் பழக்கம். மூன்றாம் மாதம் என்று நினைக்கிறேன், ஒரு காலையில் என்னையறியாமல் டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தேன். வைத்த பின்புதான் உணர்ந்தேன். அவர் பார்த்தார். பார்க்காதவர்போல அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் அவர் என்னிடம் நீட்டியது எப்போதும் ஒரே டம்ளர்தான். விளிம்பில் சிறு நெளிவு உள்ளது. அதை வேறெவருக்கும் கொடுத்து நான் கண்டதில்லை. எங்களுக்குள் நிகழ்ந்தது இவ்வளவே. இதற்கு ஒரு பெயர் வைக்க நான் முயன்றதில்லை.

ஐப்பசி மழையில் அது நடந்தது. ஒருநாள் பகல் பத்து மணிக்கு மேல் மோல்டிங் பிரிவில் ஏழெட்டுப் பேர் அடுத்தடுத்து வாந்தியும் பேதியுமாகச் சாய்ந்தார்கள். வேனில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினோம். எல்லோரும் பிழைத்தார்கள். ஆனால் மாலைக்குள் ஒரு காரணம் தேவைப்பட்டது. கேண்டீன் காண்ட்ராக்டருக்குத் தம் சோறும் தயிரும் சந்தேகத்துக்கு ஆளானால் காண்ட்ராக்ட் போய்விடும். அவர் விரலைக் கொட்டகையின் பக்கம் நீட்டினார்.

ஆலை மேலாளரின் அறையில் கஷாயம் காய்ச்சிய அம்மாவை நிறுத்தி விசாரணை. கேள்வியையும் பதிலையும் எழுதிக்கொள்வது என் பொறுப்பு.

"கண்ட தழைய எல்லாம் போட்டுக் காச்சி ஊத்துது சார். நான் தலப்பாடா அட்ச்சிகினேன், வாணாம்மான்னு" என்றார் காண்ட்ராக்டர்.

"எப்ப அண்ணே அட்ச்சிகினீங்க?" என்று அவர் திரும்பிக் கேட்டார். "போன வாரம் நீங்களே இருமலுக்கு ஒரு சொம்பு வாங்கிகினு போனீங்களே."

"அது போன வாரம்!"

அவர் சேலைத் தலைப்பால் மூடிக் கொண்டுவந்திருந்த டம்ளரை மேசைமேல் வைத்துத் தட்டை எடுத்தார். "இன்னிக்கிக் காச்சினது சார். டெஸ்டுக்கு அனுப்புங்க. இல்ல, இங்கயே நான் குடிக்கிறேன்."

"இது அதே பானைதான்னு எப்படி நம்பறது? நீ வேற வெச்சுக் கொண்டாந்திருக்கலாம்" என்றார் மேலாளர். அவர் கெட்டவர் அல்லர். விரைவில் முடிக்க விரும்பியவர்.

கஷாயம் குடித்தும் நலமாக இருந்த மோல்டிங் தொழிலாளர் இருவர் சாட்சி சொல்ல வந்தார்கள். "அவனுங்க அக்கா ஆளுங்க சார், இன்னா வேணா சொல்லுவானுங்க" என்று காண்ட்ராக்டர் அவர்களை ஒதுக்கினார்.

மேலாளர் கடைசியாகக் கேட்டார்: "சரிம்மா. மோல்டிங் ஆளுங்களத் தவிர, வெளியாளு யாராவது இன்னைக்குக் காலையில அந்தப் பானையிலேருந்து குடிச்சாங்களா? அப்படி ஒருத்தர் இருந்து, அவர் நல்லா இருந்தா, நான் இதை இத்தோட விட்டுடறேன்."

என் பேனா தாளின்மேல் இருந்தது. அன்று காலை ஆறு மணிக்கு விளிம்பு நெளிந்த டம்ளரில் நான் குடித்திருந்தேன். மேலாளர் நம்பத்தக்க ஒரே வெளியாளான நான், அவருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்குப் பின் வரக்கூடிய கேள்விகளும் எனக்குத் தெரிந்திருந்தன. தினமுமா? கொட்டகையிலா? எத்தனை மாதமாக? காண்ட்ராக்டரின் வாயில் அது மறுநாள் எப்படி உருமாறும், ஊரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த என் தமையனாரின் காதுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று அந்தச் சில நொடிகளுக்குள் கணக்கிட்டு முடித்துவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மேசைமேலிருந்த டம்ளரைப் பார்த்தபடி, "குட்ச்சவங்க சொல்லணும் சார். நான் சொல்றது மொற இல்ல" என்றார்.

மேலாளர் காத்திருந்தார். பிறகு என்னை நோக்கித் தலையசைத்தார். நான் எழுதினேன்: 'வேறு எவரும் இல்லை.'

தாளை அந்த அம்மாவிடம் நகர்த்திக் கையெழுத்துக் கேட்டேன். அவர் உடனே பேனாவை எடுக்கவில்லை. விரலை வரிமேல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, அந்த மூன்று சொற்களையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுத்து அழகா கீது சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை; வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கொட்டகையின் செங்கற்கள் கறுத்துக் கிடந்தன. அவரில்லாத இரண்டாவது வாரத்தில் மோல்டிங் பிரிவில் மீண்டும் சிலர் வாந்தியெடுத்தார்கள். அப்போதுதான் அந்தப் பிரிவின் குடிநீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். அடிச்சுவரில் விரிசல், மழைக்கால்வாய் நீர் கசிந்து கலந்திருந்தது. தொட்டியைச் செப்பனிடும்படி நானே குறிப்பு எழுதினேன். அக்குறிப்பில் அவரைப் பற்றி ஒரு வரியும் சேர்க்கவில்லை. சேர்த்தால் முந்தைய தாளை எடுத்துப் பார்ப்பார்கள்.

தை மாதத்தில் ஒரு காலை சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டுக்கு அருகே அவரைக் கண்டேன். புங்க மரத்தடியில் ஒரு பானை கூழ், ஒரு பானை கஷாயம். ரயிலிறங்கி வந்தவர்களுள் ஒருவர், "பேதி வர வெச்ச அம்மா இவங்கதான்பா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். எவரும் எதிரில் இல்லாத நிலையிலும் ஒரு டம்ளரில் ஊற்றி, அண்ணாந்து தம் மடக்கைக் குடித்தார். கண்ணை மூடி நின்றார். பிறகு யாருக்கும் நீட்டாமல் கீழே வைத்தார்.

நான் சாலையைக் கடந்தேன்.

"வாங்க சார். வவுறு எப்டி கீது?" என்றார், நேற்றுப் பார்த்தவர்போல.

"பரவாயில்லை, அம்மா." பிறகு எப்படியோ தொடங்கினேன். "அன்று நான்..."

"ஆறிடும் சார். குடிங்க." தம் மடக்கைக் குடித்துவிட்டு எனக்கு நீட்டினார். புதிய டம்ளர், விளிம்பு நேராக இருந்தது.

பாதி குடித்திருப்பேன். வளைவில் கம்பெனிப் பேருந்து திரும்பியது. ஜன்னலோரத்தில் கணக்குப் பிரிவினரின் முகங்கள். நான் டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு விரைந்து நிறுத்தத்துக்குப் போய், அப்போதே வந்தவன்போல நின்றுகொண்டேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பின் திரும்பிப் பார்த்தேன். அவர் நான் மிச்சம் வைத்த டம்ளரைக் கொட்டவில்லை. சிறு தட்டால் மூடித் தம் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மரத்தடி காலியாக இருந்தது. அரக்கோணம் பக்கம் தங்கையிடம் போய்விட்டதாகத் தேநீர்க்கடைக்காரர் சொன்னார். மகளின் படிப்பு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது.

என் வயிற்றுப் புண் ஆறியது. நல்ல இடத்தில் மணமுடித்தேன். நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன். விழாவில் பேசியவர்கள் என் கையெழுத்தைக்கூடப் பாராட்டினார்கள். தற்போது மறைமலை நகரில் மகனோடு வசிக்கிறேன். காலையில் நானே சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் காய்ச்சிக்கொள்கிறேன். பால்கனித் தொட்டியில் கற்பூரவல்லி இருக்கிறது. பதம் வருவதேயில்லை. ஒன்று காரம் முந்துகிறது, அல்லது இனிப்பு. எவ்வளவு பனைவெல்லம் என்று அவரிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. கொடுப்பதற்கு அவர் எப்போதும் இருப்பார் என்று எண்ணியிருந்தேன். காய்ச்சியதில் ஒரு டம்ளரை மூடி அடுக்கில் வைக்கிறேன். "இது யாருக்கு மாமா?" என்று மருமகள் முதல் வாரத்தில் கேட்டாள். இப்போது அவள் கேட்பதில்லை. அதைத் தொடாமல் சுற்றித் துடைத்துவிட்டுப் போகிறாள்.

அந்த ஆலை இன்று வேறு ஒருவர் கையில். விசாரணைத் தாள் எந்தக் குப்பையில் மட்கியதோ அறியேன். அதில் அந்தக் கேள்விக்கு எதிரே இருந்திருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்று காலை ஆறு மணிக்கு, மோல்டிங் பிரிவினர் வருவதற்கு முன், அதே பானையிலிருந்து நான் ஒரு டம்ளர் கஷாயம் குடித்தேன். உதட்டில் வைத்துக் குடித்தேன். மிச்சம் வைக்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.